பென்சிலால் எழுதிய மனு

1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றில் திருடும் நோக்குடன் உடைத்து நுழைந்ததாகக் கிளாரன்ஸ் கிடியன் என்பவர் கைது செய்யப்பட்டார். கையில் பணமில்லாத அவர், தமக்கு ஒரு வழக்கறிஞரை நியமிக்குமாறு நீதிமன்றத்தைக் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கு மட்டுமே அதற்குச் சட்டத்தில் இடமுண்டு என்று நீதிபதி மறுத்துவிட்டார். தாமே வாதாடிய கிடியனுக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. சிறையிலிருந்தபடியே பென்சிலால் ஒரு மனு எழுதி உச்ச நீதிமன்றத்திற்கு அனுப்பினார். வழக்கறிஞரின் உதவியைப் பெறும் உரிமை, 1791இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்திலேயே உள்ளது. ஆயினும், மாநிலங்கள் எல்லா ஏழைகளுக்கும் வழக்கறிஞரை நியமிக்க வேண்டியதில்லை என்று 1942இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1963 மார்ச் 18ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அத்தீர்ப்பை மாற்றினர். கடுங்குற்றம் சாட்டப்பட்ட வசதியற்றோருக்கு மாநிலமே வழக்கறிஞரை நியமிக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நடந்த மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார். அதே மனிதர், அதே குற்றச்சாட்டு. முதல் முறை சிறை, மறுமுறை விடுதலை. இம்முறை அவருக்காகப் பேச ஒரு வழக்கறிஞர் இருந்தார். ஏட்டிலுள்ள உரிமை ஏழைக்கும் எட்டினால்தானே அது உரிமை?