அரிப்புக்கு அதே க்ரீம்தானா?

பெண்ணுறுப்பில் அரிப்பு, எரிச்சல் என்றால் பலரும் முதலில் சோப்பு போட்டு இன்னும் அழுத்திக் கழுவுகிறார்கள். அடங்காவிட்டால் மருந்துக்கடையில், போன முறை வாங்கிய அதே க்ரீம். டாக்டரிடம் போகக் கூச்சம். வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை.

கழுவுவதில்தான் முதல் தவறு. யோனிக்குள் வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா, அங்கே அமிலத்தன்மையைக் காத்து (பி.எச். 3.8 முதல் 4.5 வரை) கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருக்கிறது. சோப்பும் கிருமிநாசினியும் உள்ளே போனால் இந்தக் காவல் குலைந்துவிடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினாலே போதும்.

அடுத்து க்ரீம். அரிப்பு ஒன்றுதான், காரணம் பல. திரிந்த பால்போல கெட்டியான வெள்ளைப்படுதலும் கடும் அரிப்பும் இருந்தால் பெரும்பாலும் ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்று. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும் கர்ப்ப காலத்திலும் இது எளிதில் வரும். திரும்பத் திரும்ப வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். சிலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இப்படித்தான் தெரியவருகிறது. சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை வீசினால் அது பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டதன் அடையாளம். பூஞ்சை க்ரீம் அதற்குப் பலிக்காது. மஞ்சள் பச்சையாக, நுரையோடு வந்தால் உடலுறவு மூலம் பரவும் ட்ரைக்கோமோனியாசிஸாக இருக்கலாம். கணவருக்கு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் இருவருக்கும் சிகிச்சை தேவை.

மெனோபாஸுக்குப் பிறகு வரும் எரிச்சலுக்குப் பல நேரம் கிருமியே காரணமில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்து திசு மெலிந்து உலர்ந்துபோவதுதான். வாசனை நாப்கின், துணி சோப்பு, முடி நீக்கும் க்ரீம்கூட வெளித்தோலைச் சிவக்க வைக்கும்.

எல்லா வெள்ளைப்படுதலும் நோயல்ல. மாதவிலக்குகளுக்கு நடுவில் முட்டை வெள்ளைக்கருபோலப் படுவது இயல்பு. அதனால் 'எலும்பு உருகுகிறது' என்பதெல்லாம் வெறும் பயம்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், புண், தொடர்பில்லாத ரத்தக்கசிவு இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. டாக்டரிடம் போவதற்கு முந்தைய இரண்டு நாள் உள்ளே எந்த க்ரீமும் வைக்காமல் இருந்தால் பரிசோதனை சரியாக அமையும். கல்யாணமாகாத பெண்கள் கருவிக்குப் பயந்து தயங்குவதுண்டு. மெல்லிய பஞ்சுக்குச்சியால் திரவத்தைத் தொட்டெடுத்தே பெரும்பாலும் சோதித்துவிட முடியும். இதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.