வீட்டுத் தீப் பாதுகாப்பும் கார்பன் மோனாக்சைடு நச்சும்

கார்பன் மோனாக்சைடு என்பது கரி, விறகு, மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு, பெட்ரோல் போன்ற எரிபொருள்கள் போதிய ஆக்சிஜன் இன்றி அரைகுறையாக எரியும்போது உண்டாகும் நச்சு வாயு ஆகும். இதற்கு நிறமும் மணமும் சுவையும் கிடையாது. வீடு தீப்பற்றும்போது எழும் புகையிலும் இது கலந்திருக்கும். அதனால் தீ உடலைத் தொடாமலே உயிர் போவதுண்டு.

மணமின்மையே ஆபத்து

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, அதன் நெடியே மக்களை வீட்டைவிட்டு வெளியேறச் செய்தது. சமையல் எரிவாயுவிலும் கசிவை உணர்த்துவதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடில் அத்தகைய எச்சரிக்கை எதுவும் இல்லை.

உடலில் நிகழ்வது

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் இவ்வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்பு நாட்டம் கொண்டது. எனவே மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் செல்வது குறைகிறது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு தோன்றும். இதைப் பித்தம் என்றோ உணவு ஒவ்வாமை என்றோ நினைத்து விட்டுவிடுவார்கள். உறங்குபவர் விழிக்காமலே மயக்கத்தில் ஆழ்ந்துவிடலாம். வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே சென்றதும் குறைந்தால் இந்நச்சைச் சந்தேகிக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இங்கு நம்பக் கூடாது. நச்சு கலந்த இரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்ததாகவே காட்டும்.

சில நிகழ்வுகள்

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலையூரில், எரிவாயு ஹீட்டர் வைத்த விடுதி அறையில் உறங்கிய கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் இறந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கிய இருவர் இறந்தனர்.

திருவொற்றியூரை அடுத்த மணலிப் பகுதியிலும் புகை உயிர்களைப் பறித்தது. 2023 ஆகஸ்டில் மாத்தூரில், கொசு விரட்டி இயந்திரம் உருகி அட்டைப்பெட்டியில் தீப்பற்றியதாகக் கூறப்பட்ட விபத்தில், ஒரு பாட்டியும் மூன்று சிறுமிகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர்.

வடசென்னை வீடுகளில்

சென்னையில் அறைக்குச் சூடேற்றும் வழக்கம் இல்லை. ஆயினும் குளியலறையில் எரிவாயு கீசர், புயல்கால மின்வெட்டில் ஜெனரேட்டர், சாம்பிராணிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் தணல் என இவ்வாயு உண்டாகும் வழிகள் பல உண்டு. நெருக்கமான சிறு வீடுகளில் கொசுவுக்கும் தொழிற்சாலை நாற்றத்துக்கும் அஞ்சி சன்னல்களை அடைத்துவிடுவதால் ஆபத்து கூடுகிறது.

தடுப்பு முறைகள்

• எரிவாயு கீசரையும் அதன் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்த வேண்டும்.
• ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, மூடிய மாடிப்படி அடியிலோ, சன்னல் ஓரத்திலோ இயக்கக் கூடாது.
• தணலை அறைக்குள் வைத்து உறங்கக் கூடாது. புகை அடங்கிய கரியும் இவ்வாயுவை வெளியிடும்.
• அடுப்புச் சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி படிந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும்.
• கொசு விரட்டி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றின் அருகே அட்டை, துணி, படுக்கை இருக்கக் கூடாது.
• இயன்றவர்கள் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்தலாம்.

ஆபத்து நேர்ந்தால்

மயங்கியவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுசென்று 108க்கு அழைக்க வேண்டும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் செலுத்துவதே முதன்மைச் சிகிச்சை. புகை சூழ்ந்த அறையில் தரையை ஒட்டித் தவழ்ந்து வெளியேற வேண்டும்; தீயணைப்புத் துறையின் எண் 101. சமையல் எரிவாயு நாற்றம் வந்தால் மின்விசையைப் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்த பின் 1906க்கு அழைக்க வேண்டும்.