தண்ணீர்ச் சோதனைக் கருவிகளும் அரசுக் கொள்முதலும்

நம் கடை எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்தாக வேண்டும், தவறினால் அபராதம். நமக்கு இதில் சலிப்பு உண்டு. ஆனால் சரிபார்க்காத தராசு நாளாவட்டத்தில் பொய் சொல்லும் என்பது நாம் அறியாததல்ல. குடிநீரைச் சோதிக்கும் கருவிகளை அரசு வாங்கும் முறையைக் கவனித்தால், அங்கும் இதே கேள்வி எழுகிறது.

2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பேருக்கு, கூடுமானவரை பெண்களுக்கு, பயிற்சி அளித்துக் கையடக்கச் சோதனைப் பெட்டி கொடுக்க ஏற்பாடானது. அதற்கு முன் 2016இல் ஒப்புதல் பெற்ற தேசிய நீரியல் திட்டத்தின் மதிப்பு சுமார் 3,680 கோடி ரூபாய். பாதி உலக வங்கிக் கடன். நீர்மட்டத்தைத் தானே பதிவு செய்யும் கருவிகள் அதில் இடம்பெற்றன.

இத்தகைய சரக்குக்கு வழக்கமாக இரண்டு உறை டெண்டர். முதல் உறையில் தொழில்நுட்ப விவரம். அதில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே பிரிக்கப்படும். அதன்பின் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். முறை நேர்மையானதுதான். ஆனால் கேட்ட விவரம் எவ்வளவோ அவ்வளவுதான் சரக்கு வரும். பெட்டிக்கு மட்டும் விலை கேட்டால் பெட்டி மட்டும் வரும். சோதனை மருந்து தீர்ந்தபின் மறுபடி யார் தருவது, கருவியை யார் சரிபார்ப்பது என்பதெல்லாம் டெண்டரில் எழுதப்படாவிட்டால் எவர் பொறுப்பும் அல்ல.

நாம் ஓர் உள்ளாட்சிக்கு பிளீச்சிங் பவுடர் சப்ளை செய்த காலத்தில், தண்ணீரில் குளோரின் தெரியவில்லை, சரக்கு மட்டம் என்று பில்லை நிறுத்தி வைத்தார்கள். பிளீச்சிங் பவுடர் இருப்பில் வீரியம் குறையும் சரக்கு என்பதால் நமக்கே சந்தேகம் வந்து நேரில் போனோம். மஞ்சள் நிறம் காட்ட வேண்டிய சோதனை மருந்துப் புட்டியைத் திருப்பிப் பார்த்தால் காலாவதித் தேதி கடந்து பல மாதம்! புதுப் புட்டி வந்து சோதித்தபின் பில் பாஸ் ஆனது. நமக்குப் போனது வட்டி மட்டும்தான்.

ஃபுளோரைடு விஷயத்தில் போவது வட்டியல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் அது மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை. மிகுந்தால் பிள்ளைகளின் பல்லில் கறை, பிறகு எலும்பில் பாதிப்பு. நாக்கில் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியிலுள்ள வண்ண அட்டையோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். மருந்து கெட்டால் அட்டையும் வீண்.

ஆகவே ஐந்தாண்டுக்கான மருந்தையும் பராமரிப்பையும் சேர்த்து விலை கேட்டு, அந்த மொத்தத்தில் குறைந்தவரைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது நம் கருத்து. ஊராட்சிப் பொறுப்பிலுள்ள நம் அங்கத்தினர்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்தச் சரக்கை நாமே சப்ளை செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2016இல் வந்த ஜெம் இணையச் சந்தையில் வணிகரும் பதியலாம். ஆனால் 2021 ஜூலையில் உத்யம் பதிவில் வணிகர்களைச் சேர்த்தது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. சிறு உற்பத்தியாளருக்குள்ள முன்வைப்புத் தொகை விலக்கு அந்தப் பதிவால் நமக்குக் கிடையாது. அந்தப் பணம் முடங்கும் காலத்தையும் கணக்கில் வைத்தே விலை எழுதவும்.