சிறுதானியமும் அதன் உமியும்

சிறுதானியம் என்ற பொதுப்பெயரில் இன்று கடைகளில் விற்கப்படும் தானியங்கள், அவை உணவாக மாறும் வழியைக் கொண்டு நோக்கினால், இரண்டு வேறுபட்ட வகைகளாகப் பிரிகின்றன. கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகிய மூன்றும் கதிரடிக்கும்போதே உமி நீங்கிவிடுபவை. தூசியும் கல்லும் போக்கி ஊர் மாவு மில்லில் அரைத்துவிட்டால் களிக்கும் கூழுக்கும் அடைக்கும் மாவு ஆயத்தமாகிவிடும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்தும் அப்படிப்பட்டவை அல்ல. நெல்லைப் போலவே இவற்றின் மணியை உமி இறுக மூடியிருப்பதால், அதை உடைத்து நீக்கிய பிறகே உள்ளிருக்கும் அரிசி கைக்குக் கிடைக்கிறது. குறுந்தானியங்கள் என்று இங்கு குறிக்கப்படும் இந்த ஐந்தின் வரலாற்றையும் இன்றைய நிலையையும் புரிந்துகொள்ள, அவற்றின் சத்துப் பட்டியலை விட அவற்றின் உமியே அதிகம் உதவுகிறது.

கோயில் கோபுரக் கலசங்களில் வரகை நிரப்பி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் குடமுழுக்கின்போது அதைப் புதுப்பிக்கும் வழக்கத்திற்குக் காரணமாகச் சொல்லப்படுவது, வரகு நெடுங்காலம் கெடாமல் இருக்கும் என்பதே. அந்தப் பாதுகாப்பைத் தருவது பல அடுக்குகளாக அமைந்த அதன் கெட்டியான உமி. அந்த உமியே வீட்டுப் பெண்களின் தோள்களை நூற்றாண்டுகளாக வருத்தியும் வந்திருக்கிறது. உரலில் இட்டுக் குத்துவது, முறத்தில் புடைப்பது, உமி நீங்காத மணிகளைப் பிரித்து மீண்டும் குத்துவது என்று ஒருவேளைச் சோற்றுக்கே பெரும்பொழுது கழிந்த இந்த வேலை, ஊருக்கு ஊர் நெல் அரவை ஆலை வந்து, நியாயவிலைக் கடையில் அரிசியும் கிடைக்கத் தொடங்கியபோது, யாரும் வருந்தாமல் கைவிடப்பட்டது. இந்தக் குறுந்தானியங்கள் 1950-களில் நாடு முழுவதும் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் பயிரிடப்பட்டன. அண்மை ஆண்டுகளில் அந்தப் பரப்பு 5 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. இந்தச் சரிவுக்கு மக்களின் நாவு மாறியதே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், நெல்லுக்குக் கிடைத்த ஆலை சாமைக்குக் கிடைக்கவில்லை என்பதும் அதற்கு ஈடான காரணமாகும்.

நெல் அரைக்கும் இயந்திரத்தில் சாமையை அரைக்க முடியாததற்கு மணியின் அளவே முதல் தடை. ஆயிரம் நெல்மணிகள் சுமார் 20 கிராம் எடை நிற்கும் என்றால், ஆயிரம் சாமை மணிகள் 2 அல்லது 3 கிராமுக்கு மேல் தேறுவதில்லை. இத்தனை சிறிய மணியோடு அதே அளவுள்ள மணலும் கல்லும் களைவிதையும் கலந்து வரும்போது சாதாரணச் சல்லடை அவற்றைப் பிரிப்பதில்லை. அளவால் பிரியாததை எடையால் பிரிக்கும் கல்நீக்கி இயந்திரம் தனியாகத் தேவைப்படுகிறது. அடுத்ததாக உமி நீக்கம். இதற்கென உருவான இயந்திரங்களுள் பரவலானது மையவிலக்கு விசையால் இயங்குவது. வேகமாகச் சுழலும் தட்டு மணிகளைச் சுற்றுச்சுவரின் மீது வீசியடிக்க, அந்த மோதலில் உமி பிளந்துகொள்கிறது, காற்றாடி அதை ஊதி வெளியேற்றுகிறது. மணி அளவுக்கு மீறி உலர்ந்திருந்தால் அரிசி நொய்யாகும். ஈரம் மிகுந்திருந்தால் உமி பிளவுபடாது. தினைக்கு ஏற்ற வேகம் வரகுக்குப் போதாது. நன்றாக இயங்கும் ஆலையிலும் 100 கிலோ சாமையிலிருந்து 60 முதல் 70 கிலோ வரைதான் அரிசி கிடைக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது, முதல் சுற்றில் உமி நீங்கிய மணியையும் நீங்காத மணியையும் பிரித்தெடுப்பது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவினவாக இருப்பதால், நல்ல பிரிப்பான் வாங்க வசதியில்லாத சிறு ஆலைக்காரர் முழுவதையும் திரும்பத் திரும்ப இயந்திரத்தில் போடுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சிய உமி மணிகள் குறைகின்றன, முதலிலேயே உமி நீங்கிய மணிகள் தமது தவிட்டை இழக்கின்றன. தவிடு என்பது உமிக்கும் அரிசிக்கும் நடுவே உள்ள மெல்லிய பழுப்பு உறை. நார்ச்சத்தும் தாதுக்களும் பி வகை வைட்டமின்களும் பெரும்பாலும் தங்கியிருப்பது அதில்தான். ஒரு பிரிப்பான் இல்லாத குறை, உண்பவரின் கண்ணுக்குத் தெரியாமல், அவருடைய தட்டில் சத்துக்குறைவாக வந்து சேருகிறது.

பதப்படுத்துதல் ஆலை வாசலில் தொடங்குவதும் அல்ல. அறுவடைக்குப் பின் ஈரம் போக உலர்த்தாத தானியத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த வரகு மயக்கம் தரும் என்பதை உழவர்கள் முன்பே அறிந்திருந்தனர். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காப்பகத்தில் 10 காட்டு யானைகள் அடுத்தடுத்து இறந்தபோது, அவை மேய்ந்த வரகுப் பயிரில் இருந்த பூஞ்சை நச்சே அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. நன்கு உலர்த்திச் சேமிக்கப்பட்ட தானியம் குறித்து அஞ்சுவதற்கு எதுவுமில்லை. ஆனால் களத்தில் காட்டப்படும் கவனத்திற்கும் உணவின் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பை இதைவிடக் கொடுமையாக ஒரு நிகழ்ச்சி உணர்த்த முடியாது.

உள்ளூரில் ஆலை இல்லாததன் பொருளாதார விளைவும் விசித்திரமானது. விரத நாட்களில் சாமை, குதிரைவாலி போன்றவற்றின் அரிசியை உண்ணும் வழக்கமுள்ள மகாராட்டிரத்தில், நாசிக் நகரைச் சுற்றிக் குறுந்தானிய ஆலைகள் பல்கிப் பெருகியிருந்ததால், தமிழக மலைகளில் விளைந்த சாமையின் ஒரு பகுதி வணிகர்கள் வழியாக நாசிக் வரை சென்று, அரிசியாகித் திரும்பி வந்து, இங்கேயே விற்பனையானது. விளைவித்தவர் உமியோடு குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, தம் வீட்டுக்கு நியாயவிலைக் கடை அரிசியை வாங்கினார். ஊட்டச்சத்து மிக்கதென்று நகரம் விலைகொடுத்து வாங்கும் உணவு, அதை விளைவிக்கும் குடும்பத்தின் அடுப்பில் இல்லாமல் போனது.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தமிழ்நாட்டில் நடந்த முயற்சிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில், சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கான மரவள்ளி சாமையையும் தினையையும் வயலிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்த காலத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் 1988-இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், விதைப் பாதுகாப்பில் தொடங்கி, சாகுபடி, நுகர்வு, வணிகம் ஆகிய மூன்றையும் அதனோடு இணைத்தது. மலைக்கிராமங்களில் மகளிர் குழுக்களின் பொறுப்பில் சிறு அரவை இயந்திரங்கள் வைக்கப்பட்டு, மாவும் கலவைகளுமாகப் பொருள்கள் சந்தைக்கு வந்தன. இரண்டாவது, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடும் இணைந்து, கனடா அரசின் நிதியுதவியுடன் மேற்கொண்ட பணி. 2011-இல் தொடங்கிய முதல் கட்டம் சாகுபடியையும் உள்ளடக்கியிருந்தது. 2016 முதல் 2018 வரை நடந்த இரண்டாம் கட்டம் முற்றிலும் அறுவடைக்குப் பிந்தைய பதப்படுத்தலையும் உணவுப் பொருள்களையும் பரவலாக்குவதையே நோக்கமாகக் கொண்டது. கிராம அளவில் இயங்கக்கூடிய சிறிய உமி நீக்கிகளை மேம்படுத்துவதும், சிறு உணவுத் தொழில் செய்வோரைப் பயிற்றுவிப்பதும், தவிடு நீக்காத அரிசியின் பயனை எடுத்துரைப்பதும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பெரிய ஆலையைக் கட்டிவிட்டுத் தானியம் வருமென்று காத்திருப்பதை விட, தானியம் இருக்கும் இடத்துக்குச் சிறிய இயந்திரத்தைக் கொண்டுசெல்வது மேல் என்ற அந்த அணுகுமுறையே இன்றளவும் சரியானதாகத் தோன்றுகிறது.

அரசுத் தரப்பிலும் அசைவுகள் இல்லாமல் இல்லை. திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் 2014 முதல் இயங்குகிறது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த 2023-ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு பெறும் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்குக் கேழ்வரகு தேர்ந்தெடுக்கப்பட்டதில் வியப்பில்லை. அந்தப் பகுதிகளில் விளைவதும் அது, உமி நீக்கும் தொல்லை இல்லாததும் அது. சாமையும் வரகும் அந்தக் கடைகளின் தராசுக்கு வரவேண்டுமானால், கொள்முதலுக்கு முன்பாகவே ஆலை குறித்துச் சிந்தித்தாக வேண்டும்.

சத்து குறித்த பரப்புரையிலும் சிறிது நிதானம் தேவை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பகுப்பாய்வு அட்டவணையின்படி, 100 கிராம் வெள்ளை அரிசியில் உள்ள நார்ச்சத்து 2.8 கிராம், சாமையில் 7.7 கிராம், வரகில் 6.4 கிராம். கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம், அரிசியினுடையதோ 8 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. இவை பெருமைப்படத்தக்க வேறுபாடுகளே. ஆனால் அந்த நிறுவனத்தின் பழைய அட்டவணை சாமையின் இரும்புச்சத்தை 9.3 மில்லிகிராம் என்று காட்டியிருக்க, 2017-ஆம் ஆண்டு அட்டவணை அதை 1.3 மில்லிகிராம் அளவிலேயே காட்டுகிறது. மாதிரியும் சோதனை முறையும் பதப்படுத்திய அளவும் மாறும்போது எண்ணும் மாறும். எனினும் பொட்டலங்களிலும் துண்டறிக்கைகளிலும் பழைய எண்ணே இன்னும் அச்சாகிக்கொண்டிருப்பது நேர்மையான விற்பனை அன்று. சாமை இரத்தசோகையைத் தீர்க்கும் மருந்தன்று; வெள்ளை அரிசியை விட நார்ச்சத்து மிகுந்த நல்ல சோறு என்பதே அதற்குப் போதிய சிறப்பு.

இந்தச் சங்கிலியின் மறுமுனையில் இருப்பவை சென்னையின் மவுண்ட்-பூந்தமல்லி சாலையை ஒட்டிய காட்டுப்பாக்கம் போன்ற புறநகர்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகி, மெட்ரோ இருப்புப்பாதையும் வந்து சேரும் இத்தகைய ஊர்களில் சாமையோ வரகோ விளைவதில்லை. ஆயினும் மலைச்சரிவில் விளையும் சாமை தவிட்டோடு வருமா, தவிடு போய் வருமா என்பதை முடிவு செய்வது இங்குள்ள மளிகைக் கடைகளின் விற்பனையே. தவிட்டில் எண்ணெய்ப்பசை இருப்பதால், உமி நீக்கிய குறுந்தானிய அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை கொள்ளும், வண்டும் விரைவில் பிடிக்கும். வெண்மையாகப் பட்டை தீட்டிய அரிசி நீண்ட நாள் தாங்கும், பார்வைக்கும் பளிச்சென்றிருக்கும். திருப்பி அனுப்பப்படும் பொட்டலத்தை அஞ்சும் வணிகர் பட்டை தீட்டியதையே கேட்க, ஆலை அதையே கொடுக்கிறது. சர்க்கரை நோய்க்காகச் சாமைக்கு மாறிய ஒருவர், நார்ச்சத்தின் பெரும்பகுதியை ஆலையிலேயே விட்டுவந்த அரிசியை இரட்டிப்பு விலைக்கு வாங்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது. புழுக்கி உலர்த்திய பின் உமி நீக்கினால் நொய் குறைவதோடு கெடுவதும் தள்ளிப்போகும் என்பது ஒரு தீர்வு. காற்றுப் புகாத உறை இன்னொன்று.

மூன்றாவது தீர்வு இதுவரை போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை. உமியோடு இருக்கும்வரை தானியம் ஆண்டுக்கணக்கில் கெடாது என்றால், அதை உமியோடே நகருக்குக் கொண்டுவந்து, தேவைக்கேற்ப இங்கே உமி நீக்கலாம். போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய சிறு ஆலையைப் போல, மணிக்கு ஏறத்தாழ 100 கிலோ அரைக்கக்கூடிய, வீட்டு மின்னிணைப்பிலேயே இயங்கும் இயந்திரங்கள் ஏற்கெனவே உள்ளன. மிளகாய்த்தூளும் கோதுமை மாவும் கண்முன்னே அரைத்து வாங்கிப் பழகிய மக்களுக்கு, தெருமுனை மாவு மில்லில் சாமையையும் அப்படியே பெறுவது புதிய பழக்கமாகாது. மலையில் விளைவிப்போரின் குழுவே அத்தகைய கடையை நடத்துமானால் அரிசியின் இலாபமும் அவர்களுக்கே சேரும்.

அதுவரை, சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் என்ற பெயர்களை நம்பி வாங்குவோர் உறையின் பின்புறத்தையும் படிக்க வேண்டும். சேர்மானங்கள் எடை மிகுந்ததிலிருந்து தொடங்கி வரிசைப்படுத்தப்பட வேண்டும் என்பது சட்டம் என்பதால், மைதாவும் சர்க்கரையும் முதலில் நின்றால் அந்தப் பொருளின் பெயர் வெறும் அலங்காரம் என்று கொள்ளலாம். சாமையோ வரகோ வாங்குவோர் பழுப்பு நிறமுள்ள அரிசியைக் கேட்டு, உமி நீக்கிய தேதியையும் விசாரித்து, ஒரு மாதத்திற்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது. கடைக்காரரிடம் அந்த அரிசி இல்லையென்றாலும் கேட்டுவிட்டே வர வேண்டும். கேட்பவர் இல்லாத பொருளை எந்த ஆலையும் அரைப்பதில்லை.