முட்டை மிதந்தது, அப்புறம்?

ஊரக வேளாண் பணி அனுபவத்துக்கான ராவே (RAWE) முகாமில் தங்கியிருக்கும் வேளாண் மாணவர்களின் செயல்விளக்கம் டெல்டா கிராமங்களுக்குப் பழகிப்போன காட்சி. வாளித் தண்ணீரில் முட்டை மிதக்கும்வரை உப்பைக் கரைப்பார்கள். விதைநெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மேலே வரும்; திரண்ட நெல் அடியில் தங்கும். அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் சேர்ப்பார்கள். பேனரைப் பிடித்துப் படம் எடுத்ததும் கிளம்பிவிடுவார்கள்.

அதற்குள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பார்: "டெப்போவுல சான்று விதையா வாங்கிட்டு வர்றேன். நான் எதுக்கும்மா உப்புத் தண்ணியில போடணும்?" விளக்கிக்கொண்டிருந்த மாணவி திணறியிருப்பாள். மாலையில் ரெக்கார்டில் என்ன ஏறும்? 'விவசாயிகள் ஆர்வத்துடன் கலந்துகொண்டு பயனடைந்தனர்.' சீனியர் எழுதியதும் இதே வரி.

குழப்பத்திலும் சந்தேகத்திலும்தான் சிந்தனை பிறக்கிறது என்று ஜான் டூயி 1910லேயே எழுதிவிட்டார். டேவிட் கோல்ப் 1984இல் வகுத்த சுழற்சியிலும் அனுபவத்துக்கு அடுத்த படி, நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது. ஆகவே அந்த மாணவி அன்றிரவே எழுத வேண்டியது அந்த விவசாயியின் கேள்வியை, அவர் பேசிய அதே சொற்களில். தான் என்ன பதில் சொன்னாள், அதில் எது தெரியாமல் சொன்னது, நாளை யாரிடம் கேட்கப் போகிறாள் என்பதையும் சேர்த்து. மறுநாள் அவருடைய சான்று விதையில் ஒரு படி, சொந்த நெல்லை விதைக்கு எடுத்து வைத்திருப்பவரிடம் ஒரு படி வாங்கி, இரண்டையும் கரைசலில் போட்டுப் பார்க்கலாம். எதில் எவ்வளவு மிதக்கிறது என்று குறித்துக்கொண்டால், இந்த வேலை யாருக்கு அவசியம், யாருக்கு அவ்வளவாக இல்லை என்று அவளே சொல்வாள்.

இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது போன் கேமரா. இதை நான் மிகையாகச் சொல்லவில்லை. இடமும் நேரமும் பதிந்த படம் வேண்டும் என்பதால் விவசாயிகளை வரிசையாக உட்காரவைக்கிறார்கள். வரிசையில் உட்கார்ந்தவர் கேள்வி கேட்பதில்லை. குழுவில் படம் எடுக்கிற பிள்ளைக்கு முகாம் முழுக்க ஒரு விவசாயியின் பேச்சும் காதில் ஏறுவதில்லை. அத்தாட்சி வேண்டாமா என்று பேராசிரியர்கள் கேட்கலாம். வேண்டும், அதற்கு ஒரு படம் போதும்.

வைவாவில் ஆல்பத்தைப் புரட்டுவதற்கு முன், "உன்னால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி எது?" என்று ஆசிரியர் கேட்கட்டும். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால், அடுத்த அணி நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போகும்.