ஒன்றே முக்கால் விநாடி

பொங்கி வரும் பாலை ஓடிப்போய் இறக்குகிறீர்களே, அந்த நேரம்கூட இல்லை. ஒன்றே முக்கால் விநாடிதான்! 2017 ஆகஸ்ட் 17-ந் தேதி, அந்த ஒன்றே முக்கால் விநாடி பல விஞ்ஞானிகளின் வருஷக்கணக்கான உழைப்பைக் கவிழ்த்துவிட்டது.

பிரபஞ்சம் விரிகிறது என்பது பழைய செய்தி. விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-ல் கண்டுபிடித்தார்கள். மேலே எறிந்த பந்து கீழே விழாமல் இன்னும் வேகமாக மேலே போனால் திகைப்பாக இராதா? ஐன்ஸ்டீன் சொன்ன ஈர்ப்பு விதியிலேயே திருத்தம் வேண்டுமோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள்.

எங்கும் பரவியுள்ள 'ஸ்கேலார் புலம்' ஒன்று ஈர்ப்போடு சேர்ந்து வேலை செய்கிறது என்பது அவர்களுடைய யோசனை. பெயரைக் கண்டு மிரளாதீர்கள். உங்கள் சமையலறையில் அடுப்பருகே சூடு அதிகம், ஜன்னலருகே குறைவு. இடத்துக்கு இடம் ஓர் அளவு உண்டு. ஆனால் காற்றுக்கு இருப்பதுபோல் சூட்டுக்குத் திசை கிடையாது. இந்தப் புலமும் அப்படித்தான். கார்ல் பிரான்ஸ், ராபர்ட் டிக்கி என்ற இரு அமெரிக்கர்கள் 1961-லேயே இதற்கு வழி போட்டிருந்தார்கள்.

பின்னால் வந்த சித்தாந்தங்கள் பலவற்றின்படி, ஈர்ப்பு அலை ஒரு வேகத்திலும் ஒளி வேறு வேகத்திலும் போக வேண்டும். இதைச் சோதிப்பது எப்படி?

வானமே சோதித்துக் காட்டியது! 13 கோடி ஒளி ஆண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிக்கொண்டன. அந்த ஈர்ப்பு அலையை அமெரிக்காவின் லைகோ, இத்தாலியிலுள்ள விர்கோ கருவிகள் உணர்ந்தன. 1.7 விநாடி கழித்துக் காமாக் கதிரை பெர்மி செயற்கைக்கோள் கண்டது. 13 கோடி வருஷம் ஓடிவந்த இருவருக்குள் இவ்வளவுதான் முன்பின்! அதுவும், ஒளி புறப்பட்டதே சற்றுத் தாமதமாக இருக்கலாம். வேகத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை. மாறுபட்ட வேகத்தை நம்பிய சித்தாந்தங்கள், பாவம், அன்றோடு சரி.

எல்லாம் போய்விடவில்லை. 'பச்சோந்தி' என்றே ஒரு புலத்துக்குப் பெயர். பொருள் அடர்ந்த பூமியில் அது ஒளிந்துகொள்ளுமாம். வெட்ட வெளியில்தான் வேலையைக் காட்டுமாம். சாமர்த்தியமான சாக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து விஞ்ஞானிகளும் விடவில்லை. காற்றை அகற்றிய ஒரு கலத்துக்குள் ஸீஸியம் அணுக்களை விழவிட்டுப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். பச்சோந்தி அகப்படவில்லை.