பத்தில் ஒன்று ஏன் பிசகுகிறது?

ஜாவா நிரல்மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் டபுள் என்ற எண் வகையில் கூட்டினால் 0.30000000000000004 வரும். மூன்றில் ஒரு பங்கு நம் தசம முறையில் 0.333… என்று முடிவின்றி நீள்வதுபோல, கணினியின் இரும முறையில் பத்தில் ஒரு பங்கும் முடிவதில்லை. எங்கோ வெட்டித்தான் ஆகவேண்டும். ஜாவாவின் இன்னொரு எண் வகையான பிக்டெசிமல் வேறு வழியில் போகிறது. 2.50 என்பதை 250 என்ற முழு எண்ணாகவும், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்ற குறிப்பாகவும் பிரித்து வைக்கிறது. அந்த இரண்டுதான் ஸ்கேல். மொத்த இலக்கங்களான மூன்று பிரிசிஷன். இவற்றைக் குழப்பினால் 12345.678-ஐ இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கும்போது 12345.68-க்குப் பதில் 12000 கிடைக்கும். பிக்டெசிமலுக்கு 0.1-ஐ மேற்கோள்குறிக்குள் சரமாகத் தராமல் டபுளாகவே தந்தால் பழைய பிசகும் கூடவே நுழைந்துவிடும்.

ஆனால் வகையை மாற்றினாலே போதும் என்பதை ஏற்க முடியாது. முழுமையாக்கும் விதி சொல்லாமல் 1-ஐ 3-ஆல் வகுக்கச் சொன்னால் பிக்டெசிமல் பிழை காட்டி நின்றுவிடும். பிடிவாதமாகத் தோன்றினாலும் அது நேர்மை. விதியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1982-இல் 1000 புள்ளியில் தொடங்கிய வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீட்டெண், மூன்றாம் தசமத்துக்கு மேல் ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் வெட்டப்பட்டதால், 1983 நவம்பரில் சுமார் 525-இல் நின்றது. திருத்திக் கணக்கிட்டபோது 1098-ஐத் தாண்டியது. ஒரே பக்கமாகச் சாயும் விதி அப்படித்தான் சேர்ந்துகொண்டே போகும். அரையை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும் ஹாஃப் ஈவன் முறை 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும். சாய்வு பெரும்பாலும் ஈடாகிவிடும். எல்லாவற்றையும் பைசாவாக முழு எண்ணில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். கூட்டல் கழித்தலுக்கு அது போதும், வேகமும் கூட. வட்டி விகிதத்தால் பெருக்கியதுமே அரைப் பைசா தலைகாட்டும். அதை எந்தப் பக்கம் தள்ளுவது என்ற கேள்வி அங்கேயும் காத்திருக்கிறது.